நைட் பஸ்ல ஊருக்குப் போறீங்களா? தூங்குறதுக்கு முன்னாடி இந்த 8 விஷயங்களைப் பாருங்க!

வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஆபீஸ் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளாம்பாக்கம் ஓட வேண்டும். இரண்டு நாள் முன்பே போனில் டிக்கெட் போட்டாச்சு. போடும்போது என்னவெல்லாம் பார்த்தீர்கள்? ஏ.சி இருக்கா, சார்ஜிங் பாயின்ட் இருக்கா, லோயர் பெர்த் காலியா, ரேட்டிங் நாலுக்கு மேலயா, விடியறதுக்குள்ள ஊர் போய்ச் சேருமா... அவ்வளவுதானே?

நாம் எல்லோரும் அப்படித்தான். போர்வை சுத்தமாக இல்லையென்றால் ஒரு ஸ்டார் கொடுத்துத் திட்டுகிறோம். ஆனால், 'எமர்ஜென்சி கதவு திறக்குமா?' என்று ஒருநாளும் கேட்டதில்லை. டிக்கெட் ஆப்களின் ஃபில்டரில் அப்படி ஒரு கட்டமும் பொதுவாக இருப்பதில்லை.

2025 அக்டோபர் 24-ம் தேதி அதிகாலை. ஹைதராபாத்திலிருந்து பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு ஸ்லீப்பர் பஸ், ஆந்திர மாநிலம் கர்னூல் அருகே சாலையில் கிடந்த பைக் மீது ஏறி, அதைத் தன் அடியிலேயே இழுத்துக்கொண்டு போனது. பைக்கின் பெட்ரோல் கொட்டி, தீப்பொறி பட்டு, பஸ் பற்றிக்கொண்டது. தூக்கத்தில் இருந்த 19 பயணிகள் உயிரிழந்தனர். தப்பித்தவர்களில் பலர் ஜன்னலை உடைத்துக்கொண்டு குதித்தவர்கள்.

அதற்குப் பத்து நாள் முன்புதான், அக்டோபர் 14-ம் தேதி, ராஜஸ்தானில் ஜெய்சல்மேரிலிருந்து ஜோத்பூர் போன ஏ.சி ஸ்லீப்பர் பஸ் பட்டப்பகலிலேயே தீப்பிடித்து எரிந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2013 அக்டோபர் 30-ம் தேதி, பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போன சொகுசுப் பஸ் பாலம் என்ற ஊருக்கு அருகே சிறுபாலத்தில் மோதித் தீப்பிடித்ததில் 45 பேர் பலியானார்கள்.

தீப்பிடித்த காரணம் ஒவ்வொன்றிலும் வேறு. ஆனால் உள்ளே இருந்தவர்களின் பிரச்னை ஒன்றுதான். நேரத்துக்கு வெளியே வர முடியவில்லை. பஸ் எப்படி இருக்க வேண்டும் என்று நம் நாட்டில் விரிவான விதிகள் இருக்கின்றன. அதில் பாதியை நீங்களே கண்ணால் பார்த்தோ, போனில் தட்டியோ செக் பண்ணிவிட முடியும். ஐந்து நிமிடம் போதும். எப்படி என்று பார்க்கலாமா?

1. முதலில் பஸ் நம்பர்... எஃப்.சி இருக்கா?

பஸ் கிளம்பும் முன் உங்களுக்கு எஸ்.எம்.எஸ்-ஸில் பஸ் நம்பர் வரும். அதை டிரைவருக்கு போன் பண்ணி, 'அண்ணே, எங்க வர்றீங்க' என்று கேட்க மட்டும் பயன்படுத்தாதீர்கள். மத்திய அரசின் 'எம்-பரிவாகன்' ஆப்பில் அந்த நம்பரைப் போட்டுப் பாருங்கள். பஸ் எப்போது பதிவானது, எஃப்.சி எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, புகைச் சான்று இருக்கிறதா என்பதெல்லாம் அதில் வரும்.

எஃப்.சி என்பது தகுதிச் சான்று. ஆர்.டி.ஓ அலுவலகத்திலோ, தானியங்கிச் சோதனை மையத்திலோ பிரேக், லைட், ஸ்டீயரிங், டயர், புகை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கொடுப்பது. புது பஸ்ஸுக்கு முதலில் இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைக்கும். எட்டு வயது வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

இது ஏதோ ஒரு பேப்பர்தானே என்று நினைக்காதீர்கள். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-வது பிரிவுப்படி, எஃப்.சி இல்லாத போக்குவரத்து வாகனம் முறையாகப் பதிவான வாகனமாகவே கருதப்படாது. அதாவது சட்டத்தின் கண்ணில் அது ரோட்டுக்கே வரக்கூடாத வண்டி. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் இழப்பீட்டிலும் சிக்கல் வரும்.

ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். எஃப்.சி என்பது அந்த ஒருநாள் வண்டி எப்படி இருந்தது என்பதற்கான சான்று. அன்று புதிதாக இருந்த டயர் இன்று வழுக்கையாகியிருக்கலாம். அதனால் எஃப்.சி இருந்தால் மட்டும் போதாது. ஆனால், எஃப்.சி-யே இல்லாத பஸ்ஸில் மற்றது எதையும் பார்க்கவே தேவையில்லை.

2. 'பாடி' யார் கட்டினது?

நம் ஊரில் பெரும்பாலான பஸ்கள் இரண்டு இடத்தில் பிறக்கின்றன. என்ஜின், சக்கரம், பிரேக்கோடு சேஸிஸ் மட்டும் கம்பெனியில் தயாராகும். அதன் மேல் 'பாடி' கட்டுவது வேறொரு பட்டறையில். கரூர் என்றாலே பஸ் பாடி என்று சொல்லும் அளவுக்கு இது நமக்குப் பழகிய தொழில்.

இந்த பாடி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 'ஏ.ஐ.எஸ் 052' என்ற தரவிதி இருக்கிறது. ஸ்லீப்பர் பஸ்களுக்குக் கூடுதலாக 'ஏ.ஐ.எஸ் 119'. வாசல், படி, நடைபாதை, சீட், ஜன்னல், அவசர வழி என எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. பாடியின் உறுதியைச் சோதிக்க 'ஏ.ஐ.எஸ் 031' என்று ஒன்று. இதில் பஸ்ஸை ஒரு மேடையில் நிறுத்தி, பக்கவாட்டில் மெல்லச் சாய்த்து, 80 செ.மீ கீழே உள்ள தரையில் அப்படியே கவிழ விடுவார்கள். கவிழ்ந்த பிறகும் பயணிகள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குள் கூரையோ, தூணோ நசுங்கி வரக்கூடாது. அந்த இடத்துக்குப் பெயர் 'உயிர் பிழைக்கும் வெளி'.

சீட், திரை, மெத்தை, கூரைத் துணிக்கும் விதி இருக்கிறது. உள்ளே பயன்படுத்தும் பொருள்களில் தீ நிமிடத்துக்கு 10 செ.மீ-க்கு மேல் பரவக்கூடாது என்பது இந்தியத் தரம் 15061-ன் கணக்கு.

சிக்கல் எங்கே வருகிறது? சோதனையில் பாஸான பிறகு செய்யும் மாற்றங்களில். சீட் பஸ்ஸாகப் பதிவு செய்துவிட்டுப் பின்னால் பெர்த் வைப்பது, அவசரக் கதவுக்குக் குறுக்கே கூடுதலாக ஒரு சீட் போடுவது, கலர் கலராக எல்.இ.டி பட்டை ஓட்டுவது, ஒவ்வொரு பெர்த்துக்கும் டி.வி, சார்ஜர் என்று ஒயர் இழுத்துக்கொண்டே போவது. ஒவ்வொன்றும் சின்ன வேலைதான். ஆனால், அந்த ஒயரைத் தாங்கும் அளவுக்கு ஃபியூஸ் போட்டார்களா, புதிதாக மாட்டிய திரை எந்தத் துணி என்று யாரும் சோதிப்பதில்லை.

உங்கள் பெர்த்தின் சார்ஜிங் பாயின்ட் தொட்டால் சுடுகிறதா, தொங்கிக்கொண்டு ஆடுகிறதா, பிளக் செருகும்போது பொறி பறக்கிறதா? போனை உடனே கழற்றிவிட்டு கிளீனரிடம் சொல்லுங்கள். பவர் பேங்க் எதற்கு இருக்கிறது?

3. எமர்ஜென்சி வழி எங்க இருக்கு?

இதுதான் முக்கியமான கேள்வி. ஏறியதும் பெர்த்தைத் தேடுவதற்கு முன் இதைத் தேடுங்கள்.

நம் பஸ்களில் ஏறும் வாசல் இடதுபக்கம். அவசரக் கதவு அதற்கு எதிர்ப்பக்கமாகவோ, பின்பக்கமாகவோ இருக்கும். காரணம் எளிது. பஸ் இடதுபக்கமாகக் கவிழ்ந்தால் வாசல் தரையோடு ஒட்டிக்கொள்ளும். முன்பக்கம் மோதினால் வாசல் நசுங்கும். அப்போது இன்னொரு பக்கத்தில் வழி வேண்டும். சில பஸ்களில் கூரையிலும் தள்ளித் திறக்கும் வழி இருக்கும். அவசரக் கதவு உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் திறக்கும்படி இருக்க வேண்டும் என்பது விதி.

நீங்கள் பார்க்க வேண்டியது மூன்று. ஒன்று, அங்கே எழுத்து தெளிவாக இருக்கிறதா? இரண்டு, அதற்குப் போகும் வழியில் பெர்த், மூட்டை, தண்ணீர் கேன் பெட்டி எதுவும் அடைத்துக்கொண்டிருக்கிறதா? மூன்று, கைப்பிடி இருக்கிறதா, பூட்டு போட்டிருக்கிறார்களா? திருட்டு பயம் என்று சொல்லி அவசரக் கதவைப் பூட்டி வைத்தால் அது வெறும் சுவர்.

ஏ.சி பஸ்ஸில் ஜன்னல் திறக்காது. அதனால்தான் கண்ணாடியை உடைக்கச் சிவப்பு நிறச் சுத்தியல் மாட்டியிருப்பார்கள். சில பஸ்களில் கொக்கி மட்டும் இருக்கும், சுத்தியல் இருக்காது. இருந்தாலும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் பூட்டியிருக்கும். உங்கள் பெர்த்திலிருந்து எத்தனை ஜன்னல் தள்ளி சுத்தியல் இருக்கிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். புகைக்குள் கண் தெரியாது. கை தடவித்தான் போக வேண்டும்.

எப்படி உடைப்பது? பக்கவாட்டு ஜன்னல்களில் பொதுவாக இருப்பது 'டஃபன்டு' கண்ணாடி. அதன் நடுவில் அடித்தால் சுத்தியல் எகிறும். மூலையில், ஓரத்தை ஒட்டி அடித்தால் முழுக் கண்ணாடியும் சிறு சிறு துண்டுகளாக நொறுங்கும். முன்பக்கக் கண்ணாடி வேறு வகை. நடுவில் பிளாஸ்டிக் படலம் இருப்பதால் விரிசல் விடுமே தவிர உதிராது. அதை உடைக்கப் போராடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

4. வாசல் கதவு மாட்டிக்கிட்டா..?

சொகுசுப் பஸ்களின் கதவு காற்றழுத்தத்தில் இயங்கும். 'உஸ்ஸ்' என்று சத்தம் போட்டுக்கொண்டு திறக்குமே, அதுதான். டிரைவர் பட்டனைத் தட்டினால் திறக்கும். விபத்தில் டிரைவர் மயங்கிவிட்டாலோ, ஒயர் எரிந்துவிட்டாலோ?

அதற்காகவே வாசலுக்குப் பக்கத்தில், பெரும்பாலும் கதவுக்கு மேலேயோ படிக்கு அருகிலோ, சிவப்புக் குமிழோ திருகோ இருக்கும். அதைத் திருப்பினால், அல்லது இழுத்தால், அடைபட்ட காற்று வெளியேறிவிடும். பிறகு கதவைக் கையால் தள்ளித் திறக்கலாம். ஏறும்போதே ஒரு தடவை அது எங்கே என்று பார்த்துவிடுங்கள். தெரியவில்லையென்றால், 'அண்ணே, அவசரத்துக்கு இந்தக் கதவை எப்படித் திறக்கிறது?' என்று டிரைவரிடமே கேளுங்கள். தெரிந்த டிரைவர் சந்தோஷமாகக் காட்டுவார். கிளீனருக்கும் தெரியவில்லையென்றால், உங்கள் கேள்வியால் அன்றைக்கு அவரும் தெரிந்துகொள்வார்.

டிரைவர் கேபினுக்கும் பயணிகள் பகுதிக்கும் நடுவே கதவு வைத்துச் சாத்தியிருக்கும் பஸ்களும் உண்டு. ஏ.சி குளிர் போகாமலிருக்க வைத்தது. ஆனால், முன்வாசலுக்குப் போக அந்தக் கதவையும் தாண்ட வேண்டும். அது பூட்டப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

5. தீயை அணைக்க என்ன இருக்கு?

பஸ்ஸில் தீ எங்கே பிறக்கும்? பெரும்பாலும் என்ஜின் பகுதியில் அல்லது ஒயரில். என்ஜினின் புகைபோக்கியும் டர்போவும் கொதிக்கும் சூட்டில் இருக்கும். அதன் மேல் டீசலோ, ஆயிலோ கசிந்து சொட்டினால் பற்றிக்கொள்ளும். பின்னால் என்ஜின் உள்ள பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு அது தாமதமாகத்தான் தெரியும்.

அதற்காக வந்ததுதான் 'ஏ.ஐ.எஸ் 135'. என்ஜின் அறையில் தீயைத் தானே கண்டுபிடித்து, டிரைவருக்கு அலாரம் கொடுத்து, தானே அணைக்கும் கருவி. 2022 ஜனவரியில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இன்னொரு படி மேலே போனது. தொலைதூரப் பஸ்களிலும் பள்ளிப் பஸ்களிலும் பயணிகள் இருக்கும் பகுதிக்கும் தீ எச்சரிக்கை, பாதுகாப்பு அமைப்பு வேண்டும் என்று விதியை விரித்தது. தீ விபத்தில் உள்ளே ஏறும் வெப்பமும் புகையும்தான் பயணிகளைப் பெரிதும் பாதிக்கின்றன. அதைக் கட்டுப்படுத்தினால் வெளியேறக் கூடுதல் நேரம் கிடைக்கும் என்பது அதற்கான காரணம்.

இந்தத் தொழில்நுட்பத்தை நம் டி.ஆர்.டி.ஓ விஞ்ஞானிகளே செய்து 2020 நவம்பரில் டெல்லியில் காட்டினார்கள். 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 200 பார் அழுத்தத்தில் நைட்ரஜன் சிலிண்டர், பஸ் முழுக்க ஓடும் குழாயில் 16 நுண்தெளிப்பான்கள். 30 விநாடிக்குள் தீயைக் கண்டுபிடித்து, அடுத்த 60 விநாடியில் பனிமூட்டம்போல் தண்ணீரைத் தெளித்து அடக்கிவிடும். என்ஜின் தீக்கு இயங்கத் தொடங்கிய ஐந்து விநாடியில் வேலையை முடிக்கும் ஏரோசால் கருவி தனியாக.

பழைய பஸ்களில் இதெல்லாம் இருக்காது. அவற்றில் உங்களுக்குத் துணை, சிவப்பு சிலிண்டர் மட்டும்தான். அது டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, அதன் மேலுள்ள சின்ன மீட்டரில் முள் பச்சைக் கட்டத்தில் நிற்கிறதா, தேதி காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். முள் சிவப்பில் நின்றால் அது வெறும் டப்பா.

6. டிக்கியில என்ன போகுது?

நீங்கள் தூங்கும் பெர்த்துக்குக் கீழேதான் லக்கேஜ் டிக்கி. அதில் உங்கள் பை மட்டுமா போகிறது? பார்சல் மூட்டைகளும் போகின்றன.

கர்னூலில் எரிந்த பஸ்ஸின் டிக்கியில் 200-க்கும் மேற்பட்ட ஸ்மார்ட்போன்கள் அடங்கிய பார்சல் இருந்ததாகவும், அவற்றின் பேட்டரிகள் வெடித்துத் தீயை வேகப்படுத்தியிருக்கலாம் என்றும் செய்திகள் வெளியாயின. கையில் வைத்திருக்கும் ஒரு போன் ஆபத்தில்லை. நூற்றுக்கணக்கான லித்தியம் பேட்டரிகள் ஒரே இடத்தில் சூடானால், ஒன்று வெடித்து அடுத்ததைச் சூடாக்கும். அந்தத் தீ சீக்கிரம் அணையாது.

சீனாவிலும் இந்தப் பாடம் இருக்கிறது. 2011 ஜூலையில் அங்கே ஒரு ஸ்லீப்பர் பஸ்ஸில் சட்டவிரோதமாக ஏற்றப்பட்ட ரசாயனம் பற்றிக்கொண்டு 41 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே, 2012-ல், புதிய ஸ்லீப்பர் பஸ் தயாரிப்பதையே சீனா நிறுத்திவிட்டது.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? பெயின்ட், தின்னர், பட்டாசு, கேஸ் அடுப்பு, பெட்ரோல் டேங்க் காலியாகாத பைக் இவையெல்லாம் ஏறுவதைப் பார்த்தால் கேளுங்கள். தீபாவளி சமயத்தில் நீங்களே பட்டாசுப் பையோடு ஏறாதீர்கள். 'ஒரு சின்னப் பாக்கெட்தான் அண்ணே' என்று நாற்பது பேர் நினைத்தால் அது நாற்பது பாக்கெட்.

7. டயர், பிரேக், வேகம்

ஏறும் முன் முன்சக்கரத்தைப் பாருங்கள். பின்னால் ஒரு பக்கத்துக்கு இரண்டு டயர் என்பதால் ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும். முன்னால் ஒன்றே ஒன்று. அது வெடித்தால் ஸ்டீயரிங் ஒருபக்கம் இழுக்கும். டயரின் கோடுகளுக்கு நடுவே சின்ன மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் மாற்ற வேண்டும் என்று அர்த்தம். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். '2324' என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. போன் டார்ச் அடித்தால் தெரியும்.

பஸ் பிரேக் காற்றில் வேலை செய்யும். பலரும் நினைப்பதுபோல் காற்று போனால் பிரேக் முழுக்கப் போய்விடாது. ஹேண்ட் பிரேக்கை விடுவித்து வைத்திருப்பதே அந்தக் காற்றழுத்தம்தான். அழுத்தம் மிகவும் குறைந்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தானாகவே சக்கரத்தைப் பிடித்துவிடும். அதற்கு முன்பே டிரைவருக்கு பஸர் அடிக்கும். உண்மையான ஆபத்து மலைப்பாதையில். ஏற்காடு, ஊட்டி இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் லைனிங் சூடேறிப் பிடிமானம் குறையும். அதனால்தான் நல்ல டிரைவர் சின்ன கியரில், எக்ஸாஸ்ட் பிரேக்கோடு மெதுவாக இறங்குவார். 'உருட்டுறாரே' என்று அவரைத் திட்டாதீர்கள். கருகிய வாடை வந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

வேகம்? மத்திய மோட்டார் வாகன விதி 118-ன்படி இப்படிப்பட்ட பஸ்களில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மணிக்கு 80 கி.மீ-க்கு மேல் போகாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். இதை செக் பண்ண உங்கள் போனே போதும். மேப்ஸ் ஆப்பைத் திறந்து வைத்தால் வேகம் காட்டும். 80-ல் போகும் பஸ் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் கடக்கும். 100-ல் 28 மீட்டர். டிரைவர் எதையோ பார்த்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே அவ்வளவு தூரம் ஓடிவிடும். மோதலின் சக்தியோ ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடும்.

டிக்கெட் போடும்போதே ஒரு கணக்கு போடலாம். 450 கி.மீ தூரத்தை ஆறு மணி நேரத்தில் சேர்ப்பதாக ஒரு பஸ் சொல்கிறதா? சராசரி 75 கி.மீ. நடுவில் சாப்பாடு, டீ, டோல்கேட், ஊருக்குள் நெரிசல் எல்லாம் இருக்கிறது. 80-ஐத் தாண்டாமல் அது நடக்கவே நடக்காது. அந்த பஸ் உங்களுக்கு மிச்சம் பிடித்துத் தருவதாகச் சொல்லும் ஒரு மணி நேரம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறதா?

8. டிரைவர் தூங்கினாரா?

வண்டியில் எல்லாம் சரியாக இருந்து, ஓட்டுபவர் கண் சொக்கினால்? மனித உடம்புக்கு அதிகாலை 2 மணியிலிருந்து 5 மணி வரைதான் தூக்கம் அதிகமாக அழுத்தும் நேரம். டீ, மூஞ்சி கழுவுதல் எல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

1961-ம் ஆண்டிலேயே வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் இதற்குக் கணக்கு வகுத்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. அதன் பிறகு குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு. ராத்திரி முழுக்க ஓடும் பஸ்ஸில் இரண்டு டிரைவர் இருப்பது இதனால்தான். 'இன்னொரு டிரைவர் இருக்காரா அண்ணே?' என்று கேட்பதில் தப்பில்லை. நடுராத்திரி விழிப்பு வந்தால், பஸ் கோட்டைவிட்டு அலைகிறதா, திடீர் திடீரென பிரேக் போடுகிறதா என்று கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் முன்னால் போய், 'அண்ணே, ஒரு டீ சாப்பிடலாமா?' என்று கேளுங்கள். மானம் போய்விடாது. சக பயணிகள் திட்டினாலும் பரவாயில்லை.

தீ, புகை வந்தால் என்ன செய்யணும்?

* படுக்கும்போது செருப்பு, போன், கண்ணாடி மூன்றும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஷூவை டிக்கியில் போடாதீர்கள்.

* 'தீ' என்று கத்துங்கள். பெர்த் திரையை இழுத்து, பக்கத்தில் இருப்பவரைத் தட்டி எழுப்புங்கள். ஹெட்செட்டோடு தூங்குபவருக்குச் சத்தம் கேட்காது.

* புகை மேலே ஏறும். அப்பர் பெர்த்தில் இருப்பவர் முதலில் கீழே இறங்க வேண்டும். குனிந்து, துணியால் மூக்கை மூடிக்கொண்டு நகருங்கள்.

* பை, லேப்டாப் எதையும் எடுக்காதீர்கள். ஸ்லீப்பர் பஸ்ஸின் நடைபாதையில் ஒரு ஆள்தான் போக முடியும். ஒருவர் பையை இழுத்தால் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் நிற்க வேண்டும்.

* முன்வாசல் திறக்கவில்லையென்றால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்காதீர்கள். அவசரக் கதவு, இல்லையென்றால் ஜன்னல்.

* ஜன்னலிலிருந்து தலைகீழாகக் குதிக்காதீர்கள். ஓரத்தில் போர்வையைப் போட்டு, கால்களை முதலில் வெளியே விட்டு, கையால் தொங்கிவிட்டுக் குதியுங்கள். குழந்தைகளை வெளியே நிற்பவரிடம் கொடுங்கள்.

* வெளியே வந்ததும் பஸ்ஸைவிட்டு, சாலையைவிட்டு விலகி நில்லுங்கள். பின்னால் வரும் லாரிக்கு நீங்கள் இருட்டில் தெரிய மாட்டீர்கள். பிறகு 112, 108 அல்லது தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033.

'ஏ.ஐ.எஸ் 140' விதிப்படி பொதுப் போக்குவரத்து வாகனங்களில் இருக்கும் இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ் கருவியும், ஆபத்தில் அழுத்தச் சிவப்பு பட்டனும் வேண்டும். தீ, விபத்துக்கு மட்டுமல்ல, யாராவது தொல்லை கொடுத்தாலும் இதை அழுத்தலாம். தனியாகப் பயணம் செய்யும் பெண்கள் அந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று ஏறியதும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

'இதெல்லாம் கேட்டா சீன் போடுறான்னு சொல்லுவாங்களே?'

சொல்வார்கள்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு, கடைசி பஸ்ஸில், 'சுத்தியல் எங்கே?' என்று கேட்டால் கிளீனர் ஒருமாதிரி பார்ப்பார். எஃப்.சி முடிந்த பஸ் என்று தெரிந்தாலும் அந்த நேரத்தில் வேறு பஸ்ஸுக்கு எங்கே போவது என்பதும் நியாயமான கேள்விதான். அதனால்தான் நம்பர் வந்த உடனே வீட்டிலிருந்தே செக் பண்ணுவது நல்லது. பேசிப் பார்க்கவும், மாற்று ஏற்பாடு செய்யவும் நேரம் இருக்கும்.

சரியில்லாததைப் பார்த்தால் போட்டோ எடுங்கள். பூட்டிய அவசரக் கதவு, காலிக் கொக்கி, வழுக்கை டயர். பஸ் நம்பர், தேதி, நேரம் சேர்த்துப் போக்குவரத்துத் துறைக்கோ, ஆர்.டி.ஓ-வுக்கோ புகாராக அனுப்புங்கள். டிக்கெட் போட்ட ஆப்பின் ரிவ்யூவிலும் அதையே எழுதுங்கள். 'போர்வை நாறுது' என்ற ரிவ்யூவுக்குப் போர்வையைத் துவைக்கிறார்கள் என்றால், 'சுத்தியல் இல்லை' என்று ஐம்பது பேர் எழுதினால் சுத்தியலும் வாங்கி மாட்டத்தான் வேண்டும்.

இன்று ராத்திரி பஸ் ஏறியதும் அம்மாவுக்கு வழக்கம்போல 'ஏறிட்டேன்' என்று மெசேஜ் போடுவீர்கள்தானே? அதோடு பஸ் நம்பரையும் அனுப்பிவிடுங்கள். அப்புறம் எழுந்து, எமர்ஜென்சி கதவு வரை ஒருதடவை நடந்துவிட்டு வந்து படுங்கள்.